பருத்த உடலும் பழிச்சொல்லும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற திங்கள் கூட்டம் முடியுந் தறுவாயில், 'அடுத்த முறை பண்டிதர் பேசுவார்' என்று நம் செயலாளர் அவர்கள் எம்மைக் கேளாமலே அறிவித்துவிட்டார்கள். தமிழாசிரியர் எழுந்தால் பழைய நூலொன்றை விரித்துவிடுவார் என்று அஞ்சி வந்தவர் இங்குச் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் அஞ்சற்க. இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் நூலன்று, உடல். பருத்த உடல் வாய்த்தவர்கள் உலகில் எய்தும் இகழ்ச்சியும், அவ்விகழ்ச்சியைத் தாங்குதற்கு அவர்கள் கூட்டங்கூடி நின்ற வரலாறுமே இன்றைய பேச்சு. இதனை ஒரு சங்கத்தில் பேசுவது பொருத்தமே. தனித்து நின்று பொறுக்கலாற்றாத ஒன்றைக் கூடிநின்று பொறுப்பதற்கன்றோ மக்கள் சங்கங் காண்கின்றனர்?

யாம் கூறப்போகும் செய்திகளிற் பெரும்பாலன அமெரிக்க நாட்டைச் சார்ந்தவை. இப்பொருள் பற்றி முதன்முதற் சங்கங் கூட்டியோரும், விரிவாக ஆராய்ந்தோரும், சட்டம் வரையிற் சென்றோரும் அந்நாட்டாரே ஆதலின் அவர்களிடமிருந்து தொடங்க வேண்டுவதாயிற்று.

அதற்குமுன் சொல்லைப் பற்றிச் சிறிது கூற இடந்தருக. அஃது எம் தொழில். 'கொழுப்பு' என்னுஞ் சொல்லை நோக்குங்கள். உடலில் உள்ள நிணத்தைக் குறிப்பதும் அதுவே. செருக்கைக் குறிப்பதும் அதுவே. 'அவனுக்குக் கொழுப்பு மிகுதி' என்று ஒருவர் கூறுங்கால், அவர் பழிப்பது உடலையோ குணத்தையோ என்பதைக் குரலைக்கொண்டே அறிதல் வேண்டும். 'தடியன்' என்னுஞ் சொல்லும் இத்தகையதே. உடலின் அளவைச் சொல்ல எழுந்த சொல் வசைச்சொல்லாயிற்று. ஆயின் 'கொழுமை' என்பதோ செழுமையையும் வளத்தையும் குறிக்கும் நற்சொல். அதற்கு மறுதலையான 'மெலிவு' துன்பத்தின் பெயர். மெலிந்தோர் எனின் எளியோர், வலியிழந்தோர் என்று பொருள். அகத்திணை பாடிய சான்றோர் தலைவியின் துயரைக் காட்ட வேண்டியபோது தோள் மெலிந்தது என்றும் வளை கழன்றது என்றும் பாடினர். பணைத்தோள் என்பது அவர்கள் அழகுக்கு இட்ட அடைமொழி. அத்தகைய தோள் இன்று ஒரு மணமகளுக்கு வாய்த்திருப்பின், மணமகன் வீட்டார் தரகரிடம் யாது கூறி அனுப்புவர் என்பதை அவையோர் எம்மினும் நன்கறிவீர்கள். ஆகவே, பருமை பழிக்கத்தக்கது என்பது இயற்கை வகுத்த விதியன்று. காலமும் இடமும் வகுத்தது. இவ்வளவும் சொல்லாராய்ச்சி. இனிப் பிள்ளைகள்பால் வருவோம்.

1961-ஆம் ஆண்டில் ரிச்சர்ட்சன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் தோழர்களும் அமெரிக்க நாட்டில் பத்துப் பதினோராண்டுப் பருவத்துச் சிறுவர் சிறுமியர் 640 பேரிடம் ஆறு படங்களைக் காட்டினர். ஒன்று, குறை யாதுமில்லாத பிள்ளை. ஒன்று, ஊன்றுகோலோடு நிற்கும் பிள்ளை. ஒன்று, சக்கர நாற்காலியில் அமர்ந்த பிள்ளை. ஒன்று, ஒரு கையிழந்த பிள்ளை. ஒன்று, முகம் சிதைந்த பிள்ளை. எஞ்சிய ஒன்று, பருத்த பிள்ளை. 'இவர்களுள் நுமக்கு மிகப் பிடித்தவர் யாவர்? அவருக்கு அடுத்தவர் யாவர்?' என்று வினவி வரிசைப்படுத்தச் செய்தனர். குறையில்லாத பிள்ளை முதலில் வந்தது வியப்பன்று. வரிசையின் கடைசியில் நின்றது யார்? கையிழந்த பிள்ளையன்று, முகம் சிதைந்த பிள்ளையுமன்று. பருத்த பிள்ளையே கடைசியில் நின்றது.

நாற்பதாண்டுகட்குப் பின் அந்நாட்டில் மக்களின் எடை பெரிதும் மிகுந்துவிட்டது. வகுப்பு ஒவ்வொன்றிலும் பருத்த பிள்ளைகள் பலராயினர். பலராயினமையின் பழிப்புக் குறைந்திருக்கும் என்று நாம் கருதுவோம். லாட்னர், ஸ்டங்கார்டு என்னும் இருவர் அவ்வாறு படங்களையே மீண்டும் பிள்ளைகளிடம் காட்டி, 2003-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பருத்த பிள்ளை அப்போதும் கடைசியிலேயே நின்றது. முன்னினும் மிகுதியாக வெறுக்கப்பட்டது.

இதற்குக் காரணம் யாது? கையிழந்தவனைக் காணும் பிள்ளை, 'பாவம், அவன் என் செய்வான்' என்று எண்ணுகின்றது. பருத்தவனைக் காணுங்கால், 'அவனே தேடிக்கொண்டான்' என்று எண்ணுகின்றது. ஏனைக் குறைகள் விதியின் செயல். பருமை மட்டும் அவனவன் வாயின் செயல். பிள்ளைகள் இவ்வெண்ணத்தோடு பிறப்பதில்லை. வீட்டிலும் வீதியிலும் கேட்டதையே திருப்பிச் சொல்கின்றனர்.

எம் வகுப்பறைச் செய்தி ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். திருவிளையாடற் புராணத்தில் ஓரேடும் படித்தறியாத பிள்ளைகள்கூடக் குண்டோதரன் பெயரை அறிந்திருக்கின்றனர். மதுரைத் திருமணத்தில் சோற்றுமலையை உண்டு தீர்த்து, நீருக்கு வையையைப் பெற்ற அப்பூதத்தின் பெயர், ஒவ்வோராண்டும் வகுப்பில் யாரேனும் ஒரு பிள்ளையின் தலையில் ஏறிவிடுகின்றது. அப்பிள்ளை அதனை இருவகையில் தாங்குவதைப் பலகாற் கண்டிருக்கிறோம். சிலர் தம்மைத் தாமே முந்திக்கொண்டு நகையாடுவர். பிறர் சொல்வதற்குமுன் தாமே சொல்லிவிட்டால் அடியின் வலி குறையும் என்பது அவர்கள் கணக்கு. 'எப்போதும் சிரிக்கும் பிள்ளை' என்று ஆசிரியர்களும் அவர்களைப் புகழ்வர். வேறு சிலர் ஒடுங்குவர். எட்டாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி, நண்பகலில் உணவுப் பெட்டியைத் திறவாமலே நாள்தோறும் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். பசி இல்லை என்பாள். பிறர் காண உண்ண அவளால் இயலவில்லை, காரணம் அவ்வளவே. மாலையில் வீட்டிற் கதவைச் சாத்திக்கொண்டு அப்பெட்டியோடு வேறு பண்டங்களையும் சேர்த்து உண்டாள் என்று அவள் அன்னையார் பின்னர்க் கூறினார்கள். கூறியதோடு, 'நீங்கள் நாலு வார்த்தை கடிந்து சொல்லுங்கள் ஐயா. அப்போதாவது ரோஷம் வரட்டும்' என்றும் வேண்டினார்கள். அன்பினாற் கூறிய சொல்லே அது. கடிந்துரைத்தால் ரோஷம் வருமா, வந்தால் உடல் இளைக்குமா என்னும் வினாவுக்கு விடை பின்னர் வரும்.

சங்கங்களைப் பற்றிக் கூறத் தொடங்குவோம். 1948-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாகாணத்து மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்னும் இல்லக்கிழத்தியார், தம் வீட்டு அடுக்களை மேசையைச் சுற்றித் தோழியர் மூவரோடு அமர்ந்து ஒரு கழகந் தொடங்கினார். டாப்ஸ் என்பது அதன் பெயர். எடையை அறிவோடு களைவோம் என்னும் பொருள்பட்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாற் பிறந்தது அது. ஊதியங் கருதாத கழகம். வாரந்தோறும் கூடுவர், எடை பார்ப்பர், தத்தம் இடர்களைப் பேசுவர். தனியே செய்யலாற்றாததைக் கூடிச் செய்யலாம் என்பதே அவர்கள் கொள்கை. அடுக்களை மேசையிற் பிறந்த அக்கழகம் நாடெங்கும் கிளைத்தது, இன்றும் நடைபெறுகின்றது.

நியூயார்க் நகரத்து ஜீன் நைடெச் அம்மையாரின் வரலாறு இதனினும் சுவையுடையது. 1961-ஆம் ஆண்டில் அவர் எடை 214 இராத்தல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 97 கிலோ. ஒருநாள் கடைக்குச் சென்றவிடத்து அறிமுகமான ஒரு பெண் எதிர்ப்பட்டு, அவர் கருவுற்றிருப்பதாக எண்ணிப் பேறுகாலம் எப்போது என்று மகிழ்ச்சியோடு வினவினாள். அவர் கருவுற்றிருக்கவில்லை. கேட்டவள் பகைத்துக் கேட்கவில்லை என்பதே அச்சொல்லின் கொடுமை. அம்மையார் நகரச் சுகாதாரத் துறையினர் நடத்திய மருத்துவ நிலையத்துக்குச் சென்றார். அங்குக் கொடுத்த உணவு முறை நன்று. ஆயினும் இரவில் யாருமறியாமல் இனிப்புப் பணியாரங்களை ஒளித்துவைத்து உண்ணும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதனை அங்குள்ளோரிடம் சொல்ல நா எழவில்லை. ஆகவே தோழியர் அறுவரைத் தம் வீட்டிற்கு அழைத்து, அவர்களிடம் அம்மறையை வெளியிட்டார். வந்திருந்த ஒவ்வொருத்தியிடமும் அத்தகைய மறை ஒவ்வொன்று இருந்தது! 'நான் ஒருத்தியே இழிந்தவள்' என்று தனித்தனியே நெஞ்சு வெதும்பியிருந்தவர்கள், ஓரறையில் அமர்ந்து பேசிய அன்று, அவ்விழிவு பொதுவென்று கண்டனர். அடுத்த வாரம் அவர்கள் தத்தம் தோழியரையும் அழைத்து வந்தனர். கூட்டம் பெருகிற்று.

அவையீர், இச்செய்தியில் சிறிது தங்குவோம். அன்று அவ்வீட்டில் நிகழ்ந்தது மருத்துவமன்று, அறிவுரையுமன்று. யாதை உண்ணலாம், யாதை உண்ணலாகாது என்பதை அவர்கள் அனைவரும் முன்னரே அறிந்திருந்தனர். அவர்கள் அறியாதது ஒன்றே: தம்மைப் போல் வேறொருவர் உளர் என்பது. தன் வாயால் தன் நாணத்தைச் சொல்லி, கேட்டவர் முகம் சுளிக்காதிருத்தலைக் காண்பதற்கு நிகரான ஆறுதல் வேறில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறிவிடலாம். 1963-ஆம் ஆண்டில் அக்கூட்டம் வெயிட் வாட்சர்ஸ் என்னும் பெயரால் வாணிகக் கம்பெனியாயிற்று. 1978-ஆம் ஆண்டில் ஹைன்ஸ் என்னும் உணவுப்பண்டக் கம்பெனியார் ஏறத்தாழ ஏழு கோடி டாலர் கொடுத்து அதனை வாங்கினர். பசியைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் பரவிய பின், 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கம்பெனி கடன்சுமை தாளாது நீதிமன்றத்தின் காப்பை நாடிற்று. உணவு விற்பவரே இளைப்பதையும் விற்றார் என்பதில் உள்ள நகைச்சுவையை அவையோர்க்கே விட்டுவிடுகிறோம்.

இத்தகைய கழகங்களில் ஒரு குறையும் இருந்தது. டாப்ஸ் கழகத்தின் சில கிளைகளில், ஒரு வாரத்தில் எடை கூடியவரைப் 'பன்றி' என்று பெயர் சூட்டிப் பலர்முன் நாணச் செய்யும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. வெளியுலகில் எச்சொல்லுக்கு அஞ்சி அவர்கள் அங்கு வந்தனரோ, அச்சொல்லே அங்கும் அமர்ந்திருந்தது! சொல்பவரும் பருத்தவர், கேட்பவரும் பருத்தவர் என்பதே வேறுபாடு. இகழப்பட்டோர் கூடிய சங்கமும், இகழ்ந்தோர் கைக்கோலை வாங்கித் தன் உறுப்பினர் மீதே வீசக்கூடும் என்பதற்கு இது சான்று. எந்தச் சங்கமும் தன்னை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதில் உண்டு. இச்சங்கத்தையும் விலக்கி யாம் கூறவில்லை.

அக்கழகத்து உறுப்பினரையே சில ஆண்டுகட்கு முன் இரு அறிஞர் வினவினர். ரெபெக்கா பூல், கெல்லி பிரவுனல் என்போர் அவர். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்து இவ்வாராய்ச்சியை நிகழ்த்தி, 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டாப்ஸ் கழகத்துப் பெண்மணிகள் 2,449 பேர் விடையளித்தனர். 'நும் எடை பற்றி நும்மை இகழ்ந்தோர் யாவர்?' என்பது வினா. நாம் யாது எதிர்பார்ப்போம்? தெருவிற் செல்லும் போக்கிரிகளை, பேருந்தில் அருகே அமர மறுக்கும் அயலாரைக் கூறியிருப்பர் என எண்ணுவோம். நூற்றுக்கு 72 பேர் கூறிய விடை, 'எம் குடும்பத்தார்' என்பது. அதற்கு அடுத்தபடியாக நூற்றுக்கு 69 பேர், 'மருத்துவர்' என்றனர். உடன் பயின்றோர், கடைக்காரர், நண்பர் முதலியோர் இவர்க்குப் பின்னரே வந்தனர். யார் அன்பு செய்யக் கடமைப்பட்டவரோ, யார் பிணி தீர்க்கக் கடமைப்பட்டவரோ, அவ்விரு திறத்தாரே முதலிரண்டு இடங்களைப் பெற்றனர்.

'அவ்விகழ்ச்சியை எவ்வாறு தாங்கினீர்?' என்றும் அறிஞர் வினவினர். பலரும் பலவாறு கூறினர். இறைவனை வேண்டினோம் என்றனர். நம்மை நாமே தேற்றிக்கொண்டோம் என்றனர். அத்தகையோரைப் பாராது ஒதுங்கினோம் என்றனர். ஆயின் நூற்றுக்கு 79 பேர், இகழ்ச்சியுற்றபோது மேலும் உண்டோம், ஒருமுறையன்று பலமுறை, என்று ஒப்புக்கொண்டனர். முன்னர்க் கூறிய மாணவியின் சாத்திய கதவை இங்கு நினைவு கூர்க.

இனி ரோஷத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். சூட்டின், டெராசியானோ என்னும் இருவர், ஐம்பதாண்டு கடந்த அமெரிக்கர் ஆறாயிரவர்க்கு மேற்பட்டோரை 2006-ஆம் ஆண்டிலும் 2010-ஆம் ஆண்டிலும் ஒப்பிட்டு நோக்கி, 2013-ஆம் ஆண்டில் முடிவு கூறினர். தொடக்கத்தில் மிகு பருமன் இல்லாதவராயிருந்து, எடை பற்றிய வேற்றுமைக்கு ஆளானவர்கள், அவ்வாறு ஆளாகாதாரினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மிகுதியாகப் பின்னாளில் மிகு பருமன் எய்தினர். இகழ்ச்சி மருந்தாயின், அம்மருந்து நோயை வளர்க்கும் மருந்து. இதுவே அவ்வன்னையாருக்கும் யாம் கூறிய விடை. அவர்கள் உடனே ஒப்பவில்லை; அது வேறு.

'எல்லாம் சரி, பண்டிதரே! அளவின்றி உண்பது அவர் குற்றமன்றோ?' என்று கேட்பார் உளர். இதற்கு விடை கூற எம்மினும் மருத்துவரே தக்கார் எனினும், அறிந்த இரண்டு செய்திகளைக் கூறுவோம். டென்மார்க் நாட்டில் குழவிப் பருவத்தே தத்தளிக்கப்பட்டு வளர்ந்தோர் 540 பேரை, முன்னர்க் கூறிய ஸ்டங்கார்டும் தோழரும் ஆராய்ந்து 1986-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களின் உடல், சோறூட்டி வளர்த்த பெற்றோரைப் போன்றில்லை. கண்ணாற் கண்டறியாத பெற்ற தாய் தந்தையரைப் போன்றிருந்தது. ஒரே அடுக்களையில் ஒரே சோறுண்ட இருவருள் ஒருவர் பருப்பதும் மற்றவர் இளைப்பதும் குடிவழியைச் சார்ந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு செய்தி. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார், போர் செய்ய மறுத்த இளைஞர் 36 பேரை அவர்தம் இசைவோடு ஆறு திங்கள் அரைவயிறு உண்ணச் செய்தார். அவர்கள் எடையிற் காற்பங்கு குறைந்தனர். நல்ல உடலும் உறுதியான கொள்கையும் வாய்ந்த அவ்விளைஞர்கள் எதனைப் பற்றிப் பேசினர், தெரியுமோ? சோற்றைப் பற்றி. சமையற் குறிப்புகளைத் தொகுத்தனர், கலத்தை நக்கினர். பின்னர் வேண்டுமட்டும் உண்ண விட்டபோதும் பல வாரம் அவர்கள் பசி அடங்கவில்லை. இளைத்த உடல் இழந்ததை மீட்கவே போராடும் என்பதை உலகம் அன்று கண்டது. மனவுறுதி குன்றியவர்களே எடை மீண்டும் கூடப்பெறுகின்றனர் என்று கூறுவார், போருக்கே செல்லேம் என்று அரசை எதிர்த்து நின்ற அவ்விளைஞர்களை மனவுறுதி அற்றவர் என்பரோ?

அக்கீஸ் என்பாரே 1972-ஆம் ஆண்டில், இன்று ஒவ்வொரு மருத்துவ நிலையத்துச் சுவரிலும் தொங்கும் 'பி.எம்.ஐ.' என்னும் கணக்குக்கு அப்பெயரிட்டார். கணக்கைக் கண்டவர் அவரல்லர். 1830-களில் பெல்ஜிய நாட்டில் இருந்த குவெட்டலே என்னும் கணித வல்லார். அவர் வானநூலும் கற்றவர், மருத்துவரல்லர். மக்கட்கூட்டத்தின் நடுத்தர அளவைக் காண விழைந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தார். ஒருவனை நோயாளி என்று தீர்ப்பளிக்க அவர் அதனை வகுக்கவில்லை. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் நலத்துறையார் மிகையெடையின் எல்லையை 25 என்னும் எண்ணுக்குத் தாழ்த்தியபோது, முன்னாள் இரவு மிகையெடையின்றி உறங்கச் சென்ற இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் மறுநாட் காலையில் மிகையெடையினராய் எழுந்தனர்!

இதனால், பருமை தீங்கற்றது என்று யாம் கூறுவதாகக் கொள்ளற்க. நீரிழிவும் குருதி அழுத்தமும் பருமையைத் தொடர்ந்து வருதல் உண்மை. நம்போன்ற ஆசிய மக்களுக்கு 23 என்னும் எண்ணிலேயே விழிப்பு வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் கூறினர். நோயைப் பற்றி மருத்துவர் பேசுக. நோயுற்றவனைக் கண்டு நகைப்பது எந்த மருத்துவ நூலில் உள்ளது என்பதே எம் வினா.

மேற்கூறிய கழகங்கள் எல்லாம் 'இளைப்போம்' என்று கூடியவை. 'இளையேம், இளைக்காதிருக்கவும் எமக்கு மானம் உண்டு' என்று கூடிய சங்கங்களும் எழுந்தன. 1967-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துச் சென்ட்ரல் பூங்காவில் ஐந்நூற்றுவர் போல்வார் திரண்டு, பனிக்குழைவு உண்டு, இளைக்கும் முறை கூறும் நூல்களை எரித்து விழாக் கொண்டாடினர். அது பெரிதும் விளையாட்டே. அவ்வாண்டு நவம்பரில், லூடர்பேக் என்னும் எழுத்தாளர் பருத்தோர்க்காக வாதாடிப் பெயர்பெற்ற இதழொன்றிற் கட்டுரை வரைந்தார். அதனைப் படித்தோருள் ஒருவர் பில் ஃபேப்ரி என்னும் பொறியியலாளர். அவர் பருத்தவரல்லர், பருத்தவர் அவர் மனைவியார். மனைவியார் நாள்தோறும் எய்திய இழிவைக் கண்டு மனம் வெதும்பிய அவர், 1969-ஆம் ஆண்டில் பருத்த அமெரிக்கர்க்கு உதவும் தேசீயச் சங்கத்தைத் தோற்றுவித்தார். குடும்பத்தாரே முதற்கண் இகழ்வோர் என்னும் கணக்கைக் கேட்ட நாம், குடும்பத்தார் ஒருவரே முதற்கண் எழுந்து நின்றார் என்பதையும் கேட்டல் தகும். அச்சங்கத்தார் நடத்திய கூட்டங்களிலும் ஆடல் விருந்துகளிலும், பிறர் கண்ணுக்கு அஞ்சாது உண்டும் ஆடியும் இருந்த அன்றே தாம் மனிதர் போல் உணர்ந்ததாகப் பலர் கூறினர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பெண்மணிகள் சிலர்க்கு அம்மென்மை போதவில்லை. 'ஃபேட் அண்டர்கிரவுண்ட்' என்னும் பெயரிற் பிரிந்து நின்று, 1973-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஜூடி ஃப்ரீஸ்பிரிட், ஆல்டெபரன் என்னும் இருவர் அதனை எழுதினர். இளைப்பு வாணிகத்தையே பகையென அவர்கள் சாற்றினர். மறு ஆண்டு ஜூலையில் காஸ் எலியட் என்னும் புகழ்பெற்ற பாடகியார் லண்டன் நகரில் தம் 32-ஆம் வயதில் இறந்தார். அவர் பருத்தவர், இளைக்க வேண்டிப் பலமுறை கடும் பட்டினி கிடந்தவர். ரொட்டித் துண்டு தொண்டையில் அடைத்து இறந்தார் என்னும் வதந்தி உலகெங்கும் பரவிற்று. பிணத்தை அறுத்து ஆராய்ந்த மருத்துவர், தொண்டையில் ஒன்றுமில்லை, நெஞ்சு நின்றதால் இறந்தார் என்று தெளிவாகக் கூறினார். கூறியும் பயனில்லை, அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த ரொட்டித் துண்டைச் சொல்லி நகைப்பார் உளர். பருத்தவள் தின்றே சாதல் வேண்டும் என்பது உலகத்தார் விருப்பம் போலும்! மெலிந்தவர் ஒருவர் நெஞ்சு நின்று இறந்திருப்பின் இக்கதை கட்டப்பட்டிராது.

அப்பெண்மணிகள் மருத்துவர் அனைவரையும் பகைவர் எனக் கொண்டதை யாம் உடன்படோம். ஆயினும், காய்ச்சலென்று சென்றாலும் கால்வலியென்று சென்றாலும் 'முதலில் எடையைக் குறைத்து வா' என்னும் ஒரே விடையைப் பெற்றுத் திரும்பியவர்கள், பின்னர் மருத்துவமனைப் படியே ஏறாது நோயை முற்றவிடுகின்றனர் என்னும் அவர்கள் முறையீட்டில் உண்மை உண்டு. 2020-ஆம் ஆண்டில் பல நாட்டு மருத்துவக் கழகங்கள் ஒன்றுகூடி, எடை பற்றிய இகழ்ச்சியை மருத்துவத் துறையினின்றும் அகற்றுவோம் என்று கூட்டறிக்கை விடுத்தமை இதனை வலியுறுத்தும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். மிச்சிகன் மாகாணத்தார் 1976-ஆம் ஆண்டிலேயே, எடை காரணமாக ஒருவர்க்கு வேலை மறுத்தல் குற்றம் என்று சட்டம் வகுத்தனர். நியூயார்க் நகரத்தார் 2023-ஆம் ஆண்டில் வேலைக்கும் குடியிருப்புக்கும் பொதுவிடங்கட்கும் அதுபோன்ற சட்டம் இயற்றினர். சட்டம் அலுவலகத்துக்குள் நுழையும், அடுக்களைக்குள் நுழையாது. நூற்றுக்கு 72 என்னும் எண் அடுக்களையைச் சார்ந்தது.

அடுக்களைக்குச் சட்டமில்லை எனினும் நமக்குச் சங்கம் உண்டு. நம் திங்களிதழின் கடைசிப் பக்கங்களில் வரும் மணமக்கள் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணமகள் தேவை என்னும் பகுதியில் படிப்பு, நட்சத்திரம், ஊர் இவற்றோடு, 'ஒல்லியான உடல்வாகு' என்னுந் தொடரும் இடம்பெறுகின்றது. சென்ற இதழில் யாம் எண்ணியவரையில் பதினொரு விளம்பரங்களில் இத்தொடர் உள்ளது. மணமகன் தேவை என்னும் பகுதியில் ஒன்றிலேனும் இல்லை. மணமகன் எத்துணைப் பருத்திருப்பினும் அவனை 'வாட்டசாட்டம்' என்பர்! அப்பக்கத்தை நம் வீட்டு மகளிர் படிக்கின்றனர். எட்டாம் வகுப்பு மாணவியரும் படிக்கின்றனர். தம் சங்கம் தம்மைப் பற்றி அச்சிட்டுக் கூறும் சொல்லாக அதனைப் படிக்கின்றனர்.

விரும்பிய மணமகளைத் தேடும் உரிமை அவரவர்க்கு உண்டு. அதில் யாம் தலையிடவில்லை. நேரிற் பார்த்து முடிவு செய்பவர் செய்க. சங்கத்தின் பெயர் தாங்கிய ஏட்டில் அத்தொடர் அச்சாகவேண்டுமா என்பதே கேள்வி. விளம்பரப் படிவத்தில் 'உடல்வாகு' என்று ஒரு கட்டம் உள்ளது. அதனை நீக்கிவிடலாம் என்பது எம் விண்ணப்பம். மகளிர் பிரிவினர்க்கு மற்றொரு விண்ணப்பம். ஞாயிறு மாலை இக்கட்டடத்தின் மேல்மாடி வறிதே கிடக்கின்றது. விரும்புவோர் அங்குக் கூடி உலாவவும் உரையாடவும் செய்யலாம். தராசு வேண்டா, எடைக்கணக்கு எழுதும் புத்தகமும் வேண்டா. ஜீன் நைடெச் அம்மையார் வீட்டில் முதல்நாள் கூடியவர் எழுவரே. இங்கு எழுவர் தேறமாட்டார்களா?

படிவம் பற்றிய விண்ணப்பத்தை எழுத்தில் தந்துள்ளோம். வரும் திங்கள் செயற்குழுவில் எடுத்துக்கொள்வதாகத் தலைவர் அவர்கள் இசைந்துள்ளார்கள். பழைய படிவமும் கட்டம் நீக்கிய படிவமும் வாயிலருகே மேசைமேல் உள்ளன. மாறுபட்ட கருத்துடையோரும் தம் கருத்தை எழுதிச் செயலாளரிடம் கொடுக்கலாம். மேல்மாடியின் திறவுகோல் அலுவலக எழுத்தரிடம் இருக்கின்றது.